கூடியது நாப்பது

படலையிலேயே மணத்தைப் பிடிச்சிட்டன்.
மீன் மணம் இல்லை,
பாசையூரில அது ஒரு கணக்கே இல்லை.
பிளாஸ்டிக் மெல்ல மெல்லத் தன்னைத்தானே தின்னுற மணம்.
"எத்தனை நாளா?" எண்டு கேட்டன்.
றெஜினா அக்கா விரலை மடிச்சுப் பார்த்தா.
"பெரிய வெள்ளி கழிய."

கதிரையில ஏறினன்.
ஸ்டான்லி வீதியில வாங்கின பால்கண்ணாடிக் கூடு,
மகன்ர கலியாணத்துக்குப் பூட்டினது,
கழுத்துவரை மூடின உருண்டை.
சூடு வெளிய வர ஒரு ஊசித் துவாரம் இல்லை.
மூண்டு ஆணி. ரண்டு கழண்டது.
மூண்டாவது உப்புக் காத்தில துருவேறி
என்னோட பத்து நிமிஷம் வழக்குப் பேசினது.

உள்ளுக்க நூறு வாட் குமிழ்,
கம்பி சிவக்கிற பழைய சாதி.
எந்தக் கடையில இப்பவும் விக்கிறாங்கள் எண்டு கேக்கேல்லை.
ஹோல்டர், கருகின பாணின்ர ஓரம்.
வயரைத் தொட்டன்,
தோல் நொறுங்கி விரலில விழுந்தது,
செம்பு வெறும் மேலோட நிண்டது.

கூட்டின்ர உள்விளிம்பில முத்திரை அளவில ஒரு வெள்ளித் தாள்,
பாதி உரிஞ்சபடி:
கூடியது 40 வாட்.
ஒருத்தரும் வாசிக்காத இடமாப் பார்த்துத்தான்
எப்பவும் அதை ஒட்டுவினம்.

வழமையாச் சொல்லுறதைத் தொடங்கினன்.
அக்கா, நாப்பது எண்டது கஞ்சத்தனம் இல்லை,
வெளிச்சத்தின்ர அளவும் இல்லை,
இந்தக் கூடு எவ்வளவு சூட்டைப் பொறுக்கும் எண்ட கணக்கு.
கூட்டிப் போட்டாலும் குமிழ் எரியும்,
வடிவா எரியும், ஒரு பிழையும் தெரியாது.
ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில,
அணில் கொண்டந்து அடைஞ்ச தும்புக்குப் பக்கத்தில
வயர்தான்

அவ என்ர சட்டைக் கையைப் பிடிச்சா.
"மெல்லக் கதையும் தம்பி."

பக்கத்து அறையில மரியநாயகம் ஐயா.
நில அளவைக் கந்தோரில முப்பத்தொரு வருஷம்,
பரப்பும் குழியும் பிசகாமல் கீறின கை.
முதல் நாப்பதுதான் கிடந்ததாம்.
மாசியில, "வெளிச்சம் காணாது" எண்டார். அறுபது.
பங்குனியில எழுபத்தஞ்சு.
பிறகு இது.
"இப்ப நூறும் காணாதாம்."
கண் ஆஸ்பத்திரியில என்ன சொன்னவை எண்டு
அவ சொல்லேல்லை.
அடுப்பில சொதி கொதிச்சது, எழும்பிப் போயிட்டா.

கருகினதை வெட்டி எறிஞ்சன்.
ஒண்டரை முழம் புது வயர், பீங்கான் ஹோல்டர்,
பதினாலு வாட் எல்இடி ஒண்டு.
நூறின்ர வெளிச்சம்,
சூடு கொஞ்சம்தான்.
கூட்டை மேசையில வைச்சன். மூடினால்
இதுவும் கன நாள் நிக்காது.

கரண்டியோட வந்து வாசல்ல நிண்டா.
"எத்தனை வாட் எண்டு கேட்டால், தம்பி,
பதினாலு எண்டு மட்டும் சொல்லிப் போடாதையும்."

சுவிச்சைப் போட்டன்.
அந்தோனியார் சுருவத்தின்ர சின்ன விரலுக்கும்
சுவரில நிழல் விழுந்தது.
ஐயா தடவித் தடவி வந்து நிலையைப் பிடிச்சார்.
முகம் திரும்பினது குமிழுக்கு இல்லை,
சுவிச்சு விழுந்த சத்தத்துக்கு.
"எத்தனை போட்டனீர்?"

பதினாறு வருஷத் தொழில்.
காசில அஞ்சு பத்து முன்னப்பின்ன இருந்திருக்கு,
இலக்கத்தில ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"நூற்றைம்பது, ஐயா."

அவ கேட்டது அவ்வளவு இல்லை.
கரண்டியில இருந்த சொதி நிலத்தில சொட்டினது.

ஐயா கொஞ்ச நேரம் மேல பார்த்தபடி நிண்டார்,
பழைய வரைபடம் ஒண்டில
எல்லைக் கல்லைத் தேடுற மாதிரி.

"அது தாங்குமோ?"

"தாங்கும்" எண்டன்.

கொழும்புத்துறைச் சந்தியில சைக்கிளை நிப்பாட்டி
வேர்வை துடைக்கேக்கதான் பார்த்தன்,
பெருவிரலில அந்த வெள்ளித் தாள்.
உரிச்சு எறியப் போனன்.
பசை விடேல்லை.